நெறி கட்டிய காலும் காய்ச்சல் விட்ட நாளும்

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளினிக்கில் எனக்கு நர்ஸ் வேலை. இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: ஊசி போடக் கை நடுங்காது, போட்டு அனுப்பிய ஆள் வீட்டில் எப்படி இருக்கிறாரோ என்று மனசுதான் கிடந்து அடித்துக்கொள்ளும்.

கெளுத்தி முள்

விசைப்படகில் போகும் ரொசாரி அண்ணாச்சிக்குப் பாதத்தில் கெளுத்தி மீன் முள் ஏறிவிட்டது. கடல் தண்ணியில் கழுவினால் போதும் என்று இருந்துவிட்டார். வந்தபோது கால் பானையாக வீங்கி, தொடையிடுக்கில் நெறி கட்டி, உடம்பு கொதித்தது. அவருக்கோ காலைவிட நெறிதான் கவலை. "அதுக்குத் தனியா மருந்து கொடுங்க" என்றார்.

டாக்டர் உள்ளே ஒடிந்து கிடந்த முள் நுனியை எடுத்தார். நான் ஊசி போட்டுக்கொண்டே சொன்னேன்: "முள்ளோட கிருமி உள்ள போயிட்டு அண்ணாச்சி. அது மேல ஏறாம உடம்பு நெறியில வச்சு மறிக்கு. அந்தச் சண்டையிலதான் இந்த வீக்கம்." அவர் யோசித்தார். "மறிக்கதுதான் மறிக்கு, கணுக்கால்லயே மறிச்சா என்ன? தொடை வரைக்கும் எதுக்கு விட்டுச்சு?"

ஒத்திகை

ஒரு கைப்பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட மறுநாள் காலை, கதவு திறக்கும் முன்பே தகப்பனார் வாசலில் நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தோளில் பிள்ளை, சுடச்சுட. "நோய் வராம இருக்கத்தானே போட்டிய?" லேசாகக் காய்ச்சல் வரும் என்று தாயிடம் சொல்லியிருந்தேன், அவர் காதுக்கு அது போகவில்லை.

"நிஜக் கிருமி வந்தா உடம்புக்கு அடையாளம் தெரியணுமே, அதுக்கு ஒத்திகை இது" என்றேன். டாக்டரும் பார்த்துப் பயமில்லை என்றார். ஆனாலும் நான் தெர்மாமீட்டரைக் கீழே வைக்கவில்லை. பிள்ளை பால் குடித்துச் சிரித்த பிறகுதான் தகப்பனார் உட்கார்ந்தார். "எங்க ஹார்பர்லயும் ஒத்திகை நடத்துவாவ சிஸ்டர். ஆனா எல்லாருக்கும் சொல்லிட்டு நடத்துவாவ."

காய்ச்சல் விட்ட நாள்

மழைக்குப் பிறகு ஊரெல்லாம் டெங்கு. எங்கள் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் மேரிக்கும் வந்தது. சில நாளில் காய்ச்சல் விட்டது. "நாளைக்கு வேலைக்கு வாரேன்" என்று போனில் சொன்னாள். குரல் சரியில்லை. வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்கு. வாந்தியும் நிக்கல." ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்கு ஓடினேன். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. நாடி விரலுக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. கிருமியோடு உடம்பு போடும் சண்டையில் ரத்தக் குழாயே கசிய ஆரம்பித்துவிடும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், உடனே ட்ரிப் ஏற்றினார்கள். அவள் பிரஷர் நிலைக்கு வரும்வரை வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தேன். பிழைத்து எழுந்தவள் கேட்டாள்: "காய்ச்சல் வந்தா பயப்படணுங்கிய, விட்டாலும் பயப்படணுங்கிய. எப்பதான் நிம்மதியா இருக்கச் சொல்லுதிய அக்கா?"

இதற்குப் பதில் தெரிந்த நர்ஸ் யாராவது இருந்தால், அவர் இன்னும் வேலையில் சேரவில்லை என்று அர்த்தம்.