பீப் சத்தத்துக்கு அப்புறம் பேசுங்க

ஆராய்ச்சி பண்றேன்னு சொன்னா நம்ம ஊர்ல ரெண்டே கேள்விதான் வரும்: மாசம் எவ்ளோ குடுக்குறாங்க, எப்ப முடியும்? ரெண்டுக்கும் நம்மகிட்ட பதில் கிடையாது. கைடுகிட்டேருந்து போன் வந்தாலே அதைக் கவுத்து வெக்கிற, கல்யாண வீட்டுல தாய்மாமாவைத் தூரத்துல பாத்ததுமே பந்தி மாறி உக்கார்ற என் இனத்து ஆராய்ச்சி மாணவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். மத்தவங்க படிச்சா சிரிப்பாங்க. உங்களுக்குத்தான் வலி தெரியும்.

எனக்கு ஊரு புவனகிரி. படிச்சது ஊடகத் தொடர்பியல். சிதம்பரத்துல பிஎச்.டி. சேர்ந்ததும், மருத்துவம், எஞ்சினியரிங், ஊடகம்னு மூணு துறையும் சேர்ந்து செய்யற ஒரு திட்டத்துல என்னைக் கோத்து விட்டாங்க. விஷயம் இதுதான். அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கிற பொம்பளைங்கள்ல நெறைய பேருக்கு பிரஷர் ஜாஸ்தி. மாத்திரை சும்மா குடுத்தாலும் ஒழுங்காப் போடறதில்ல. டாக்டர் பாத்திமா மாத்திரை எழுதிக் குடுப்பாங்க. எஞ்சினியரிங் சகாயராஜ் பிரஷர் பாக்குற மிஷினும், தானாவே போன் போடற ஏற்பாடும் செய்வான். அந்தப் போன்ல என்ன பேசணும், எப்படிப் பேசணும்கிறது என் பாடு. பிரஷர் குறைஞ்சா அவுங்களும் பொழைப்பாங்க, என் தீசிஸும் பொழைக்கும். குறையலன்னா ரெண்டு பக்கமும் ஆபத்துதான்.

டெலிவரி ஃபெயில்

மூணு துறைக்காரங்களும் பேசறது ஒரே தமிழ்தான்னு அப்பாவியா நெனச்சுக்கிட்டிருந்தேன். சகாயராஜ் கடலூர் முதுநகர்ப் பையன், தங்கமானவன். ஆனா சர்ச் பாட்டுக் குழுவுல பாடிப் பாடி தொண்டை ஸ்பீக்கர் செட் மாதிரி ஆயிடுச்சு. முதல் முதலா போன் போட்டு சோதிச்ச அன்னிக்கு நாங்க ஆஸ்பத்திரியில டாக்டர் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தோம். லேப்டாப்பைப் பாத்துக்கிட்டே அவன் கத்தறான்: "அக்கா! ரெண்டு டெலிவரி ஃபெயிலாயிடுச்சு! இன்னொண்ணு பாதியில நின்னுபோச்சு!"

அவனுக்கு டெலிவரின்னா மெசேஜ் போய்ச் சேர்றது. ஆனா அங்க வரிசையில உக்காந்திருந்தது பூரா புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க. ஒரு பொண்ணு பக்கத்துல இருந்த அம்மா கையை இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. டாக்டர் பாத்திமா பாதிச் சாப்பாட்டோட எழுந்து ஓடிவந்து, "எந்த வார்டு?"ன்னு கேட்டாங்க. இவன் கூலா, "வார்டு இல்ல மேடம், சர்வர்"ங்கறான். அவுங்க வெளி வாசலைக் கையால காட்டினாங்க. அப்புறம் சொன்னாங்க:

"தம்பி, இந்தக் கட்டடத்துக்குள்ள அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். ஒங்க அர்த்தத்தை வாசல்லயே செருப்போட விட்டுட்டு வாங்க."

அளக்க வந்தவங்க

முதல் நாள் களப்பணி. பஸ்ஸை விட்டு எறங்கி, முதல் வீட்டு வாசல்ல நின்னு, படிச்சவ மாதிரி அழகாச் சொன்னேன்: "அம்மா, சர்வே எடுக்க வந்திருக்கோம்." படார்னு கதவு. ரெண்டாவது வீட்டுலயும் படார். அதுக்கப்புறம் நாங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே தெருவே சாத்திக்கிச்சு. எனக்கு ஒண்ணும் புரியல.

அப்புறம்தான் உறைச்சுது. எங்க மாவட்டத்துல சர்வேன்னா ஒரே சர்வேதான். நிலத்தை அளப்பாங்க, கல்லை நடுவாங்க, அப்புறம் நிலத்தை எடுத்துக்கறோம்னு நோட்டீஸ் வரும். இதுல சகாயராஜ் தோள்ல வேற, மிஷினை வெக்கிறதுக்கு மூணு கால் ஸ்டாண்டு ஒண்ணு. அதைப் பாத்தா யாருதான் கதவைத் திறப்பாங்க? கடைசி வீட்டுல மட்டும் ஒரு அக்கா, இடுப்புல கையை வெச்சுக்கிட்டு வழிமறிச்சு நின்னாங்க. பேரு தனலட்சுமி. கொட்டை உடைக்கிற ஷெட்டுல வேலை. நான் பதறிப் போய், "அக்கா, நிலத்தை அளக்க வரல, பிரஷரை அளக்க வந்தோம்"னேன். அந்தக்கா முகம் அப்படியே மாறிப்போச்சு.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா? பிரஷர எவ்ளோ வேணா அளந்துக்க, வேணும்னா எடுத்துக்கினே கூட போ. நெலத்துல மட்டும் கால வெக்காத."

மிஷின் ஒத்துக்காத விரல்

சகாயராஜ் மிஷின்ல ஒரு வசதி. விரலை வெச்சா போதும், ஆளை அடையாளம் கண்டுபிடிச்சு, பிரஷரை அவுங்க பேருலயே பதிஞ்சுக்கும். லேப்ல எங்க எல்லாரு விரலையும் டக்கு டக்குன்னு எடுத்துக்கிச்சு. ஷெட்டுல தனலட்சுமி அக்கா விரலை வெச்சாங்க. "மீண்டும் முயற்சிக்கவும்." கட்டை விரலை வெச்சாங்க. "மீண்டும் முயற்சிக்கவும்." அடுத்த அக்காவுக்கும் அதே கதை. முந்திரி ஓட்டுல ஒரு எண்ணெய் இருக்கு. அது பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு, ரேகையே மழமழன்னு ஆயிடுச்சு.

பாவம், சகாயராஜுக்கு முகமே செத்துப்போச்சு. ராப்பகலா உக்காந்து செஞ்ச மிஷின். அதைத் துடைக்கிறான், திருப்பறான், மறுபடியும் துடைக்கிறான். தனலட்சுமி அக்காதான் அவனுக்குத் தைரியம் சொன்னாங்க:

"வுடு தம்பி. ரேஷன் கடை மிஷினே நான் நான் இல்லன்னு சொல்லுது. ஒன் மிஷின் மட்டும் ஒத்துக்கவா போவுது? பேர எழுதிக்க, நான் நான்தான்."

மதிப்பிற்குரிய பயனாளி அவர்களே

போன்ல போற செய்தியை எங்க கைடுதான் திருத்திக் குடுத்தாரு. "மதிப்பிற்குரிய பயனாளி அவர்களே, தாங்கள் இன்றைய தினத்திற்குரிய மாத்திரையினை உட்கொண்டு விட்டீர்களா?" ரேடியோ செய்தி மாதிரி கணீர்னு பேசிப் பதிஞ்சேன். அத்தனை பேரும் "மதிப்பிற்குரிய" முடியறதுக்குள்ள கட் பண்ணிட்டாங்க. விசாரிச்சா, லோன் குடுக்கறேன்னு கூப்பிடறவங்கதான் இவ்ளோ மரியாதையாப் பேசுவாங்களாம்.

எனக்குக் கோவம் வந்து, எங்க அம்மா என்னைக் கேக்கற மாதிரியே பேசிப் பதிஞ்சேன்: "இன்னாக்கா, மாத்திரை போட்டியா இல்லியா? எழுந்திரு, தண்ணி எடு, போடு. நான் லைன்லயே இருக்கேன்." ஒருத்தர் கூட கட் பண்ணல! எனக்கு ஒரே பெருமை. ஆனா அடுத்த வாரம் ஊருக்குப் போனா ஆளாளுக்கு என்மேல கோவமா இருக்காங்க. லைன்லயே இருக்கேன்னு நான் சொன்னதை நம்பி, அவுங்க பாட்டுக்கு பதில் பேசியிருக்காங்க. ரெக்கார்டிங்னு யாருக்கும் தோணல. ஒரு அக்கா என்னை நிக்க வெச்சுக் கேட்டாங்க:

"எம் மருமவ பண்றதெல்லாம் ஒண்ணொண்ணா உங்கிட்ட சொல்லிக்கினு வரேன், டொக்குனு வெச்சுட்டு போயிட்ட. லைன்ல இருக்கேன்னு நீதான சொன்ன?"

ரத்தத்துக்குப் பிடிக்கல

அவுங்க சொன்னதும் நியாயம்தான்னு, சகாயராஜ் பேச்சு முடிஞ்சதும் ஒரு பீப் சத்தத்தை வெச்சு, அதுக்கப்புறம் அவுங்க பேசறதும் பதியற மாதிரி மாத்தினான். நெறிமுறைக் குழுவுல அனுமதி வாங்கி, வீடு வீடாப் போய்ச் சொல்லிச் சம்மதமும் வாங்கினோம். எல்லாரும் பதில் சொல்ல ஆரம்பிச்சாங்க. "போட்டேன்" "போட்டாச்சு" "போட்டேன் போட்டேன்." கம்ப்யூட்டர் அந்த முதல் வார்த்தையை மட்டும் எடுத்து எண்ணிக்கிச்சு. கிராஃப்ல கோடு ஜிவ்வுனு மேல ஏறுச்சு. இத்தனை வருஷத்துல முதல் முறையா நான் நிம்மதியாத் தூங்கினேன்.

அப்புறம் பிரஷரை அளந்தோம். ஒருத்தருக்கும் குறையல. தனலட்சுமி அக்காவுக்கு முன்ன விட ஏறியிருந்துச்சு. டாக்டர் பாத்திமா என்னைத் தனியாக் கூப்பிட்டு, இப்படியே போனா அந்தம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கும்னாங்க. என் தீசிஸுக்கும் அது கடைசி நீட்டிப்பு, இதுக்கு மேல கேக்க முடியாது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் பாக்க உக்காந்து அழுதேன். தீசிஸ் போறதுக்குப் பாதி அழுகை, பிரஷரை வேணா எடுத்துக்கினு போன்னு சொன்னாங்களே, அந்தக்காவுக்கு மீதி. கைடு திட்டல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னாரு:

"ஒன் மெசேஜ் எல்லாருக்கும் பிடிச்சிருக்கும்மா. அவுங்க ரத்தத்துக்கு மட்டும்தான் பிடிக்கல."

போட்டேனுக்கு அப்புறம்

கம்ப்யூட்டர் முதல் வார்த்தையத்தான எடுத்துக்கிச்சு, மீதியில என்ன இருக்குன்னு ஒரு மத்தியானம் லேப்ல உக்காந்து முழுசாக் கேட்டேன். கோழிக் குழம்பு, மருமவ, கரண்டு இல்லாதது எல்லாம் வந்துச்சு. அப்புறம் தனலட்சுமி அக்கா குரல். "போட்டேன் போட்டேன்." ஒரு பெருமூச்சு. "போடலம்மா. தெனமும் கேக்கற, உங்கிட்ட இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்? அத போட்டா அடிக்கொருக்கா ஒண்ணுக்கு வருது. ஷெட்டுல கக்கூசு ஏது? தோப்புக்குள்ள போனா ஆம்பளைங்க நடமாட்டம். அதனால வேலைக்குப் போற அன்னிக்குப் போடறதில்ல, தண்ணியும் குடிக்கிறதில்ல. லீவு அன்னிக்கு மட்டும் போடறேன். திட்டாத, இன்னா?"

திரும்பத் திரும்பக் கேட்டேன். அடுத்தடுத்த குரல்லயும், வேற வேற வார்த்தையில, இதே விஷயம் இருந்துச்சு. சகாயராஜைக் கூட்டிக்கிட்டு டாக்டர் ரூமுக்கு ஓடினேன். அவுங்க ஹெட்போனைப் போட்டுக்கிட்டு கடைசி வரைக்கும் கேட்டாங்க. அது நீரைப் பிரிக்கிற வகை மாத்திரை, அவுங்க கையால எழுதிக் குடுத்தது. அந்த வாரமே ஒவ்வொருத்தரா மறுபடி பரிசோதிச்சு, தோது இருந்தவங்களுக்கெல்லாம் வேற வகைக்கு மாத்தினாங்க. ஆனா அன்னிக்கு ஹெட்போனைக் கழட்டினதும் அவுங்க சொன்னது எனக்கு இன்னும் காதுலயே நிக்குது:

"பக்கத்துல பாத்ரூம் இருக்கான்னு கேட்டுட்டு மாத்திரை எழுதணும்னு எங்களுக்கு யாருமே பாடம் எடுக்கலம்மா."

சபையில் ஒரு கேள்வி

சில மாசம் கழிச்சு அளந்தப்போ தனலட்சுமி அக்காவுக்குப் பிரஷர் நல்லா எறங்கியிருந்துச்சு. சகாயராஜ் நம்பாம இன்னொரு கையிலயும் கட்டிப் பாத்தான். அதுலயும் அதேதான். நான் வெக்கமே இல்லாம அந்தக்காவைக் கட்டிப்புடிச்சுக்கிட்டேன். மத்தவங்களுக்கும் பெரும்பாலும் எறங்கியிருந்துச்சு. தீசிஸை எழுதிக் குடுத்து, வாய்மொழித் தேர்வுக்கு நாளும் குறிச்சாச்சு. அது பொதுச் சபை, யாரு வேணா வரலாம்னு வாய் தவறி ஊருல சொல்லிட்டேன். அன்னிக்குக் காலையில, ஷெட்டுக்கு லீவு போட்டுட்டு, பட்டுப் பொடவையும் கனகாம்பரமுமா ஒரு பஸ் பொம்பளைங்க சிதம்பரத்துல வந்து எறங்குறாங்க. முதல் வரிசை பூரா அவுங்கதான். என் தாய்மாமாவுக்கே பின்னாடிதான் எடம் கெடைச்சுது.

வெளியூர்லேருந்து வந்த தேர்வாளர் என்னைப் புரட்டி எடுத்து முடிச்சுட்டு, வழக்கம்போல, "சபையில யாருக்காவது கேள்வி இருக்கா?"ன்னாரு. இது சடங்கு. சுலபமா ஒரு கேள்வி கேக்கச் சொல்லி தோழி ஒருத்திக்கு ஏற்கெனவே சொல்லி வெச்சிருந்தேன், நீங்களும் செஞ்சிருப்பீங்க. அவ எழுந்திரிக்கறதுக்குள்ள தனலட்சுமி அக்கா எழுந்துட்டாங்க. கைடு கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாக்கறாரு. தேர்வாளர், "கேளுங்கம்மா"ன்னாரு.

"மூணு டிபார்ட்மெண்டும் சேந்து மாத்திரைய மாத்துனீங்க, நல்லாக்கீறேன், சந்தோசம். கக்கூச எந்த டிபார்ட்மெண்டு கட்டும்?"

டாக்டர் பாத்திமா என்னைப் பாத்தாங்க, நான் சகாயராஜைப் பாத்தேன். அவன் மெதுவாத்தான் சொன்னான், ஆனா அந்தத் தொண்டைக்கு ஏது மெதுவு, ஹால் பூரா கேட்டுச்சு: "அக்கா, நான் எலக்ட்ரானிக்ஸ், சிவில் இல்ல." முதல் வரிசைதான் முதல்ல சிரிச்சுது. தேர்வாளர் மட்டும் சிரிக்கல. எனக்குப் பட்டம் குடுக்கலாம்னு அறிவிச்சுட்டு, அந்தக் கேள்வியைத் தீசிஸோட கடைசி அத்தியாயத்துல சேக்கச் சொன்னாரு. அடுத்த வாரம் சிவில்காரர் ஒருத்தரையும் இழுத்துக்கிட்டு, மூணு துறையுமா ஷெட்டு ஓனரைப் பாக்கப் போனோம். மனுஷன் முதல்ல முறைச்சாரு. பின்னாடி அத்தனை பொம்பளைங்களும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதைப் பாத்துட்டு, வேலியோரமா எடத்தைக் காட்டினாரு. அன்னிக்கு நிஜமாவே நிலத்தை அளந்தோம், டேப்போட ஒரு முனையை தனலட்சுமி அக்காதான் புடிச்சுக்கிட்டாங்க. இப்போ செவுரு எழும்பிக்கிட்டிருக்கு.

ஆக, ஆராய்ச்சின்னா வேற ஒண்ணுமில்ல தோழர்களே, மூணு துறை வருஷக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டு, கடைசியில தேவைப்பட்டது ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும்னு கண்டுபிடிக்கறதுதான்.