எல்லையோரத்து ஒற்றை வரிசை

எண்பதுகளின் நடுவில், சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு இலக்கியம் படிக்க வந்திருந்த நான், பிரான்ஸ் எல்லையோரத் திராட்சைக் கிராமங்களைப் பார்க்கப் புறப்பட்டேன். சாய்ந்த ஓட்டுக் கூரைகளும் வாசல்தோறும் கொடிகளுமாக, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அழகாக இருந்தது. உடன் வந்தவர், அருகிலிருந்த அகதி முகாமில் வசித்த யாழ்ப்பாணத்து மேரி அக்கா. ஊரைவிட்டு வந்தபின் அவர் பார்த்திராத அவருடைய தம்பி, பாரிஸிலிருந்து எல்லைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அவனும் அகதிதான்.

கடைசிக் கிராமத்துத் தோட்டத்தில், எல்லைக் கல்லுக்கு அப்பால் நின்று கையசைத்தான்.

“போங்கள் அக்கா, யாரும் இல்லை” என்றேன்.

“ஏலாது தங்கச்சி. பிடிபட்டால் என்ர அகதிக் கேஸ் போயிடும்.”

அறுவடையில் இருந்த தோட்டக்காரப் பெண்மணி விசாரித்தார், ஜெர்மனில் விளக்கினேன். உடனே இரண்டு கத்தரிகளை எடுத்துவந்தார். அங்கே ஒரு வரிசைக் கொடியின் கொத்துகளை இருவர் எதிரெதிரே நின்று அறுப்பதுதான் வழக்கம். எல்லைமேலேயே ஓடிய வரிசையின் இந்தப் பக்கம் அக்காவையும் அந்தப் பக்கம் தம்பியையும் நிறுத்தினார்.

“என்னக்கா, இப்பிடி மெலிஞ்சு போனியள்?”

“மீசை வைச்சால் பெரியாள் எண்டு நினைப்போ? கதையாமல் பழத்தை வெட்டு!”

சொன்னவர்தான் வரிசை முடியும்வரை ஓயாமல் பேசினார், அழுதுகொண்டே சிரித்தார்.

முடிந்ததும் பெண்மணி வந்து, ஏதாவது கொத்து தப்பியிருக்கும், முதலிலிருந்து மறுபடி பாருங்கள் என்றார். ஒன்றுமே தப்பியிருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அழகான ஊர் எது என்று கேட்பவர்களுக்கு, இன்றும் நான் அந்தக் கிராமத்தைத்தான் சொல்கிறேன்.