நடிப்புக்கு ஒரு மார்க்

நாற்பத்தேழு வயதில் நான் மறுபடியும் மாணவன் ஆனேன். பதினாறு வருடம் கோப்பை கழுவிய உணவகத்தை மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் முதியோர் பராமரிப்பு உதவியாளருக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் போய் இருந்தேன். வகுப்பில் இருந்த பிள்ளைகளின் அப்பாமாருக்கு என்னைவிட வயது குறைவு.

தேர்வில் ஒன்றுக்குத்தான் பயம். ஒரு நோயாளியின் நிலையை வாசிக்கத் தந்து, என்ன கவனித்தாய், என்ன நினைக்கிறாய், முதலில் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். அதில் ஒருமுறை தவறியிருந்தேன்.

பழகுவதற்கு ஒரு நோயாளி தேவைப்பட்டது. மனைவி அகப்பட்டாள். அட்டையில் ஒரு நோயின் பெயரை எழுதிக் கொடுப்பேன், அவள் நடிப்பாள். கண்ணில் பட்டதை அட்டையின் பின்பக்கத்தில் நாள் போட்டு ஜெர்மனில் எழுதுவேன். மூலையில் அவளுடைய நடிப்புக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மார்க். இரத்தத்தில் சீனி குறைந்து அவள் சோபாவில் சரிந்த அழகுக்கு ஒன்பது போட்டிருந்தேன்.

அந்தப் புதன்கிழமை காலையில் கொடுத்த அட்டையில் இடுப்பு முறிவு. அவளோ கடைப்பையோடு மூன்று மாடி ஏறி வந்து கதவடியிலேயே தரையில் இருந்துவிட்டாள். நெற்றியில் வியர்வை.

"என்னப்பா, இடுப்பு முறிஞ்ச ஆளுக்கு ஏன் மூச்சு வாங்குது?"

"களைப்பாக் கிடக்கு. தாடையும் உளையுது."

"தாடை அட்டையிலை இல்லை. ரண்டு மார்க்."

சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அட்டையில் மாரடைப்பு. அவள் தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள்.

"நெஞ்சைப் பிடியும். நீர் முதுகைச் சொறியிறீர்."

"நெஞ்சிலை ஒண்டுமில்லையப்பா. இது வாய்வு."

எங்கள் வீடுகளில் தொண்டைக்குக் கீழே, இடுப்புக்கு மேலே எது நொந்தாலும் அது வாய்வுதான். ஒரு வருடம் படித்த நானும் ஓம் என்றுவிட்டு இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒரு மிடறோடு, குமட்டுது என்று கோப்பையைத் தள்ளிவைத்தாள். பாடம் கெட்டுப்போன எரிச்சலில் ஒரு மார்க் போட்டேன்.

ஞாயிறு பூசைக்கு வர ஏலாது என்று அவள் படுத்துவிட்டாள். பூசையை விட்டதே இல்லை அவள். நான் மேசையில் அட்டைகளைப் பரப்பி, பின்பக்கங்களை வாசித்துப் படித்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்குகிறது. வியர்வை. தாடை உளைவு. தோள்களுக்கு நடுவே வலி. குமட்டல். வாய்வுக்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று தெரியாததால் அதை மட்டும் நான் எழுதவில்லை. அது இல்லாமல் வாசித்தபோது, யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண் அந்த அட்டைகளில் செத்துக்கொண்டிருந்தாள். முதலில் என்ன செய்வாய்?

அறைக்குள் ஓடினேன். அவள் உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

"இப்ப எப்பிடி இருக்கு?"

"ஒண்டுமில்லை," என்றாள். ஆம்புலன்சுக்கு 112ஐ அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி எப்போதிருந்து என்று கேட்டாள். கையோடு கொண்டுவந்த அட்டைகளை நீட்டினேன். வேகமாக வாசித்தவளின் கண் அட்டையின் மூலையில் நின்றது.

"இரண்டு, ஒன்று. வலி இவ்வளவு குறைவாகவா இருந்தது?"

அங்கே வலியையும் பத்துக்குத்தான் அளப்பார்கள். தலையை ஆட்டிவிட்டால் என் மானம் தப்பும். ஆனால் மனைவியை வரிசையில் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள்.

"அது வலிக்கு இல்லை," என்றேன். "நடிப்புக்கு நான் போட்ட மார்க்."

டாக்டர் சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டிலை அவளே தள்ளத் தொடங்கினாள். பேசியது ஜெர்மனில் என்றாலும் கட்டிலில் கிடந்த மனைவிக்கு எண்கள் விளங்கிவிட்டன.

"ஒண்டே போட்டனீங்கள்?" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

இதயக் குழாயில் இரண்டு இடத்தில் கம்பிவலை வைத்து அனுப்பினார்கள். அடுத்த மாதம் நான் தேர்வில் தேறினேன். புள்ளித்தாளைக் காட்டினேன்.

"இது நடிப்புக்கோ?" என்று கேட்டாள்.

இரண்டுபேரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவள் மெல்லத் தாடையைத் தடவினாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லையப்பா."

நான் அதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டேன்.