திறந்து மூடும் தூள்

ஆய்வகத்தில் குடுவை கழுவிப் பிழைக்கும் எங்கள் இனத்துக்கு, வினை முடிந்த பிறகு மிஞ்சுவதைப் பார்ப்பதுதான் வேலை. என் மனைவி செல்வியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிறுத்தத்தில். ஒரு சின்னத் துணிப்பையை என் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு இராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள். அந்தப் பை வந்த கதை இது.

என்னத்த ஊத்த?

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். ஆராய்ச்சி மாணவி ஜெஸ்ஸி ஒரு வெள்ளைத் தூள் செய்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்தது. ஆல்கஹாலில் ஊறினால் உப்பி, ஓட்டைகள் திறக்கும். அதில் கரைந்திருக்கும் பொருள்கள் உள்ளே நுழைந்து வினைபுரிந்து கரைசல் மஞ்சளாகும். காய்ந்தால் சுருங்கி மூடிக்கொள்ளும், வினை நடக்காது. எத்தனை வினை நடந்தாலும் தூள் மட்டும் தீராது. அதிகம் பேசாத நான் இதை வீட்டில் விளக்கி முடித்ததும் செல்வி சொன்னாள்: "அதுக்காவது ஆல்கஹால் ஊத்துனா தொறக்குது. உங்க வாயத் தொறக்க என்னத்த ஊத்த?"

பழகின கை

வடிகட்டும்போதெல்லாம் தூள் கொஞ்சம் கொஞ்சமாய்க் கைநழுவி, ஒரு ஸ்பூன்தான் மிஞ்சியது. அது திறந்து, மூடி, மறுபடி திறப்பதைக் காட்டினால்தான் ஜெஸ்ஸியின் ஆய்வு முடியும். செல்விக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை. இனியும் நழுவாமலிருக்க, தூளை உள்ளே வைத்து பேண்டேஜ் துணியில் ஒரு பை தைத்துத் தந்தாள். ஆல்கஹாலில் போட்டோம். கரைசல் மஞ்சளாகவே இல்லை. கம்பெனிப் பழக்கத்தில் அவள் இறுக்கி மடித்துத் தைத்துவிட்டாள். தூள் உப்ப இடமில்லை.

ஜெஸ்ஸி வீட்டுக்கே வந்து கலங்கி நின்றாள். செல்வி தையலைப் பிரித்துக்கொண்டே சிரித்தாள்: "அழாதட்டி. கட்டு நழுவக் கூடாதுன்னே பழகின கை. காலைல மூச்சு விட எடம் வச்சுக் குடுத்து விடுதேன்."

நனையாத பை

மறுநாள் காலையில் என் சட்டைப் பைக்கு வந்தது அதுதான். ஆய்வகத்துக்குப் போய் ஜெஸ்ஸியிடம் கொடுத்தேன். அன்று மதியம் கம்பெனியிலேயே நெஞ்சுவலியில் செல்வி போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பினால், ஜெஸ்ஸி அந்தப் பையை நனைக்காமலே வைத்திருந்தாள். "மதினி கையால கடைசியாத் தச்சது. நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"வேற தூள் இருக்காம்மா?"

தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"பொட்டிக்குள்ள வைக்கவா அவ தச்சா? போடு."

போட்டாள். பை மெல்ல உப்பியது, கரைசல் மஞ்சளானது. காயவைத்து, தூளைத் திறக்காத வேறொரு திரவத்தில் போட்டோம், நிறம் மாறவில்லை. மறுபடி ஆல்கஹால், மறுபடி மஞ்சள். குடுவையை விட்டுக் கண்ணெடுக்காமல் ஜெஸ்ஸி சொன்னாள்: "எடம் விட்டுத்தான் தச்சிருக்காவ, அண்ணாச்சி."

ஜெஸ்ஸி டாக்டர் பட்டம் வாங்கிப் போய்விட்டாள். என் அலமாரியில் அந்தப் பை காய்ந்து கிடக்கிறது, தீராத பொருள் என்பதால் உள்ளே அதே ஒரு ஸ்பூன் தூள் அப்படியே இருக்கிறது.