இரும்புச் சிலுவையில் ஒரு செம்புத் தகடு

எங்கள் அக்கா ஆண்டவரில் துயில்கொண்டு ஓராண்டாகிறது. அங்கேயும் யாராவது தவறான கம்பி கேட்டிருந்தால் இந்நேரம் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பார்கள்.

இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த அக்கா, அப்பா கண்மூடியதும் குடும்பத்தைத் தாங்க மாத்தளை டவுனுக்குக் கடை வேலைக்கு பஸ் ஏறினார். தம்பி தங்கைகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, தமக்கென்று தேடிக்கொண்டது ஒரு வெல்டிங் கம்பிக் கடையைத்தான். நிக்கல், செம்பு, இரண்டும் கலந்தது என்று சுவர் முழுக்கச் சுருள்கள். வருகிறவர்கள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "முதலாளி இல்லீங்களா?" என்பார்கள்.

"முதலாளிதான் பேசுறேன். என்னத்தை ஒட்டப் போறீங்க, அதைச் சொல்லுங்க" என்பார் அக்கா.

விற்பதைவிட விற்க மறுப்பதில்தான் அவருக்குத் திறமை. "இரும்பு கேட்டை ஒட்ட நிக்கல் எதுக்கு? வீட்டுல காசு காய்க்குதா?" என்று திருப்பி அனுப்புவார். மிளகு மில்லில் வெடித்த வார்ப்பிரும்புக்கு மலிவுக் கம்பி கேட்டவரிடம், "நாளைக்கே திரும்ப வெடிக்கும். நீங்க வந்து என்னையத்தான் ஏசுவீங்க" என்று சுருளைத் தொடவே விடவில்லை. கோபித்துக்கொண்டு போன அவரும் திரும்பி வந்தார்.

நோயில் படுத்தபோது அக்கா கேட்டது ஒன்றுதான். கல்லறையில் இரும்புச் சிலுவை, அதில் பெயர் பொறித்த செம்புத் தகடு. "ஆணி அடிச்சு வச்சிராதீங்க. ஒட்டணும்." எந்தக் கம்பியால் என்று நாங்கள் கேட்கவில்லை. சாகக் கிடப்பவரிடம் அதையா கேட்பது?

அலுவிகாரையில் பட்டறை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவரை நாங்கள் அண்ணன் முறையில் நானா என்போம். அக்கா எடுத்துக் கொடுத்த கம்பியைத் தவிர வேறொன்றையும் வாங்கியறியாதவர். கூலி வேண்டாமென்று வேலையை ஏற்று, ஒட்டினார். ஆறியதும் தகடு கழன்று விழுந்தது. கம்பியை மாற்றி ஒட்டினார். அதுவும் விழுந்தது. ஆண்டுப் பூசை நெருங்கிவிட்டது. பெயரில்லாத சிலுவையின் கீழேயே அக்காவைப் போட்டு வைத்திருந்தோம்.

அப்போது என்னிடமிருந்த அக்காவின் போன் அடித்தது.

"அக்கா, தகடு திரும்பவும் கழண்டுட்டு. செம்பையும் இரும்பையும் ஒட்ட என்ன கம்பி போட?"

"நானா, நான் தம்பி பேசுறேன்."

அவர் அழுவது கேட்டது. நானும் அழுதேன்.

கம்பி விஷயத்தில் நான் சுத்த சூனியம். ஆனால் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் இரு வீட்டாரும் முறைத்துக்கொண்டு நின்றபோது அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது: "செம்பும் இரும்பும் லேசுல ஒட்டாது. நடுவுல நிக்கல் வேணும். நான் இருக்கேன், டீயைக் குடிங்க." சம்பந்தி வீட்டார் ஒன்றும் விளங்காமலே குடித்தார்கள்.

"நிக்கல் போட்டுப் பாருங்க நானா" என்றேன்.

"நீ சொல்றதா, அக்கா சொன்னதா?"

"அக்கா சொன்னது."

"அப்ப சரி."

தகடு இப்போது உறுதியாக நிற்கிறது. பூசை முடிந்ததும் நானா சுத்தியலால் தட்டிக் காட்டினார். பங்குத்தந்தை சற்றுப் பதறிவிட்டார். அவருக்கும், நானாவுக்கும், அக்காவைத் தாயாய்ப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவின் போன் இலக்கத்தை நாங்கள் நிறுத்தவில்லை. மறந்துபோய் இன்னும் பலர் கூப்பிடுகிறார்கள். அக்கா இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதனால், "என்னத்தை ஒட்டப் போறீங்க?" என்றுதான் கேட்கிறேன்.