ஏறிப்போன ஆளுக்கும் ஒரு பங்கு

ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்த புதிதில், கனம் தூக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கள் வீடு மூன்றாவது மாடி. தண்ணீர் கீழே அடிபம்பில்தான். அந்த நாட்களில் விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் ஒரு நிறைகுடம் இருக்கும். என் வீட்டுக்காரர்தான் வேலைக்குப் போகும்முன் பிடித்து வைக்கிறார் என்று நான் நினைத்தேன். அவரோ, நான் யாரிடமோ சொல்லி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். காலிக் குடத்தைப் படிக்கட்டு ஓரம் வைப்பேன், அது கீழே போய்விடும்.

ஒருநாள் குடத்தைத் துடைக்கும்போது, கழுத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு சின்ன மீன் வரைந்திருப்பதைப் பார்த்தேன். பம்படியில் குடங்கள் மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு அடையாளம் வைப்போம். மீன், தரைத்தளத்து இருதயம்மாள் அக்காவின் அடையாளம். போய்க் கேட்டேன்.

"அந்தப் பக்கமா ஒரு வேலை இருந்துச்சி. அப்டியே வெச்சிட்டு வந்தேன்" என்றார்.

மூன்றாவது மாடியில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

அக்கா பிறந்தது எண்ணூர் பக்கம் நெட்டுக்குப்பத்தில். அவருடைய அப்பாவுக்குச் சொந்தப் படகு இல்லை, அடுத்தவர் படகில் கடலுக்குப் போனவர். துறைமுகத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அலெக்ஸாண்டர் அண்ணனைக் கட்டிக்கொண்டு அக்கா ராயபுரம் வந்தார். பிள்ளை இல்லை. அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தபிறகு காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் வேலைக்கு உட்கார்ந்தார். மீன் வாங்குகிறவர்கள் தலையை வேண்டாம் என்று விட்டுப் போனால், கூப்பிட்டு, "இத்தயும் எடுத்துகினு போம்மா, கொழம்புக்கு இதான் ருசி" என்பார். கேட்காமல் ஒரு மீன் தலையைக்கூடத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டதில்லை.

எங்கள் குடியிருப்பு, குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்தது, பழையது. சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்திருந்தது. போன வருஷம் வாரியத்திலிருந்து வந்து, இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்றார்கள். ஒதுக்கீடு யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்குப் புது வீடு. செலவில் ஒரு பங்கு அவர்கள் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை வெளியே தங்குவதற்கு ஒரு தொகையும் கொடுப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் குடியிருப்பில் பாதிக்குப் பாதி வாடகைக் குடும்பங்கள்.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் ஹாலில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் போட்டார்கள். ஹாலைப் பெருக்குவது நான்தான் என்பதால் சாவியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அதிகாரியிடம் பேச ஒரு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்ததும், இருதயம்மா அக்காவே பேசட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்தான் சங்கச் செயலாளர், எங்களில் பலருக்கு முன்னாலேயே குடி வந்தவர்.

ஹெப்சிபா எழுந்தாள். இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருப்பவள். "வூட்டுக்காரங்களுக்கு வூட்டுக்காரங்களே பேசினா எங்க பேஜாரு யாருக்குத் தெரியும்? நாங்க எங்க போறது?"

சங்கத் தலைவர் நோயல் நல்ல மனிதர். இங்கே தன் வீட்டுக்குத் தவணை கட்டுவதற்காக மனைவியின் கம்மலை விற்றவர். அன்று அவருக்கும் பொறுக்கவில்லை. "நாங்க வயித்தக் கட்டி தவணை கட்டினோம்மா. இப்பவும் பங்குத் துட்டு நாங்கதான் கட்டப் போறோம். நீங்க மூட்டையக் கட்டினா இன்னொரு எடத்துல எறக்கிக்கலாம். உங்களுக்கு இன்னாத்துக்கு இதுல பேச்சு?"

"அப்ப நானும் மூட்டையக் கட்டணும் நோயலு" என்றார் அக்கா. "நான் கீறதும் வாடகை வூடுதான்."

நோயல் சிரிக்கப் பார்த்தார். "இன்னாக்கா வெளயாடுற?"

"வெளயாடல நைனா. அது ரெஜினாவோட அப்பா பேர்ல கீது. இத்தினி வருசமா யாரும் கேக்கல, நானும் சொல்லல."

ரெஜினாவை எங்களுக்குத் தெரியும். எம்.கே.பி. நகரிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு பூசைக்கு வந்து, அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவாள். சொந்தக்காரப் பெண் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

"அப்ப செயலாளரே வாடகைக்காரங்களா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "சங்கத்தையே வாடகைக்கு வுட்டுட்டோம்பா." கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். "எங்க நைனா கடலுக்கு அடுத்தவன் போட்டுலதான் போனாரு. வந்த மீனுல போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு எடுப்பாங்க. அது நியாயம். போட்டு ஒடஞ்சா செலவு பண்றது அவன். ஆனா ஏறிப்போன ஆளுக்குப் பங்கு இல்லன்னு கரையில ஒருத்தனும் சொன்னதில்ல."

"அப்ப எங்களுக்கும் வூடு கேளுக்கா" என்றாள் ஹெப்சிபா.

"ஒரே வூட்ட ரெண்டு பேருக்கு எப்டிம்மா குடுப்பாங்க? வூடு பேர் உள்ளவங்களுதுதான். வெளிய தங்கத் தர்ற துட்டுல பாதி, இப்ப குடியிருக்கிறவங்களுக்கு வரணும். கட்டி முடிச்சப்புறம் வாடகைக்கு வுட்டா, மொதல்ல பழைய ஆளத்தான் கூப்புடணும். இது ரெண்டும் கேப்போம். வாடகையும் ரொம்ப ஏத்தக் கூடாது."

"அது மட்டும் முடியாது" என்றார் நோயல். "பங்குத் துட்டு கட்டுறது நானு, வாடகை சொல்றது வாரியமா? கட்டுன துட்ட நான் எதுல எடுப்பேன்?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். அத்த வுட்டுடலாம்."

ஹெப்சிபாவுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் மற்ற இரண்டையும் மனுவில் எழுதினார்கள். நோயல்தான் முதல் கையெழுத்துப் போட்டார். வாடகைக்காரர் செயலாளராக இருக்கலாமா என்று யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

அதிகாரி சின்ன வயதுப் பெண். அக்கா கொடுத்த மனுவை முழுதும் படித்தார். "வாடகைதாரருக்கு எங்க விதியில இடமே இல்லம்மா. மேலிடத்துக்கு அனுப்புறேன், வாக்குக் குடுக்க முடியாது. நீங்களே உங்களுக்குள்ள பேசிப் பிரிச்சுக்கிட்டா நாங்க தடுக்க மாட்டோம்" என்றார். மேலிடத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் வந்த தொகையில் பாதியைத் தங்கள் வாடகைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். சிலர் கொடுக்கவில்லை. ஹெப்சிபா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், திரும்ப அவளுக்கே வாடகைக்குக் கொடுப்பதாக எழுதியே கொடுத்தார்.

வீடுகளைக் காலி செய்யும் வாரம் ரெஜினா வந்தாள். நான் அக்காவுக்குப் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை.

"யக்கா, பாதி இல்ல, மொத்தத் துட்டையும் நீயே வெச்சிக்கோ. ஆனா வூடு கட்டி முடிச்சா நான்தான் வருவேன். நானும் வாடகைலதான் கீறேன். வூட்டுக்காரன் எப்பப் பாரு காலி பண்ணு, காலி பண்ணுன்றான்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அக்கா கையிலிருந்த சாக்கை மடித்துக்கொண்டே இருந்தார். ஆண்டவரே, இந்த வயதில் இவர் எங்கே போவார் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேன்.

"உங்கப்பா வூடும்மா அது. நீ வராம யாரு வருவா?" என்றார் அக்கா. "பாதி போதும். மீதிய வெச்சிக்கோ, பங்குத் துட்டு கட்டணும்ல. ஒக்காரு, சாப்ட்டு போ."

அவள் சாப்பிட்டுப் போனபிறகு எனக்குத் தாங்கவில்லை. "இன்னாக்கா, மனு போட்டதே நீ. உனக்கே ஒதவலியே."

"எனக்கு ஒதவலன்னா மனு தப்பாயிடுமா? ஹெப்சிபா திரும்பி வரப்போறா இல்ல? அந்தக் கயித்த இறுக்கிக் கட்டு, தட்டு வுழுந்துடும்."

அக்கா எர்ணாவூரில் ஒரு ஒற்றை அறை பார்த்துக்கொண்டார். சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி வந்தது. கட்டில், திருஇருதயப் படம், மீன் வெட்டும் அரிவாள்மனை, குடங்கள். அவ்வளவுதான். எங்கள் வீடு எங்கள் பேரில் இருக்கிறது, எங்களுக்குப் புது வீடு வரும். அதனால் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு சொன்னார்:

"புது வூட்ல என்னிக்காவது நீ வாடகைக்கு ஆளு வெச்சின்னா, மொத நாளே அவங்களக் கூட்டினு போயி சங்கத்துல பேர சேத்துடு. என்னிய மாதிரி கம்முனு இருந்துடப் போறாங்க."