சலவை அறை நாற்காலி

தலையில் சோப்பு நுரையோடு ஒருவர் போனில் என்னைத் திட்டுகிறார் என்றால், அன்று தண்ணீர் நிற்கும் என்ற செய்தியை அவர் படிக்கவில்லை என்று அர்த்தம். இந்தப் பல்கலைக்கழகக் குடியிருப்பில் குழாய் வேலை பார்ப்பவன் நான். தொட்டி கழுவுவதோ வால்வு மாற்றுவதோ, எதற்காகத் தண்ணீரை நிறுத்தினாலும் முன்கூட்டியே வாரச் செய்தி மடலில் போட்டுவிடுவோம். அது எல்லோருக்கும் மெயிலில் போகும். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும், சலவை அறைக் கதவிலும் ஒட்டியிருக்கும். இருந்தாலும் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவர்கள் சோப்பைப் போட்டுக்கொண்டு நின்று என் உயிரை வாங்குவார்கள். ஐந்நூறு பக்கப் புத்தகம் படிப்பார்களாம், அரைப்பக்க மடல் படிக்க மாட்டார்களாம்.

அந்த மடலை எழுதியவர் செய்தியக்கா. குடியிருப்பு அலுவலகத்தில் வேலை. பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. திங்கட்கிழமை காலையில் மடல் வந்துவிடும். காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில்கூட வந்தது. தண்ணீர், லிஃப்ட், படிக்கட்டில் சைக்கிள் வைக்காதீர்கள், சலவை இயந்திரத்தில் காலணி போடாதீர்கள், சாம்பல் பூனையைக் காணவில்லை, சாம்பல் பூனை கிடைத்துவிட்டது. இப்படிப் போய்க் கடைசியில் இரண்டு பகுதி இருக்கும். வந்தவர்கள், போகிறவர்கள்.

பல்கலைக்கழகக் குடியிருப்பில் யாரும் வேர் விடுவதில்லை. படிப்பு முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். போகிறவர் ஒவ்வொருவரைப் பற்றியும் அக்கா ஒரு வரி எழுதுவார். ‘மூன்றாம் மாடி இயற்பியல் தம்பதி: இவர்கள் மகள் நடக்கப் பழகியது நம் சலவை அறையில்.’ ‘ஐந்தாம் மாடிப் புள்ளியியல் மாணவர்: சாவியை உள்ளே வைத்தே பூட்டுவார். இனி அடுத்த ஊர்ப் பூட்டுக்காரருக்கு யோகம்.’ அந்த ஒரு வரிக்காகவே நான் மடலைக் கடைசிவரை படிப்பேன். என்னைத் தவிர யாராவது படித்தார்களா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இனிச் சொல்லப்போவது புரியாது. சலவை அறையில் ஒரு மர நாற்காலி இருக்கிறது. முதுகுப்பலகையில் ஒரு சட்டம் இல்லாத கிழட்டு நாற்காலி. வீட்டைக் காலி செய்கிறவர் அதைத் தூக்கிப் போய்த் தன் வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைப்பார். கதவு திறந்து நாற்காலி நின்றால், உள்ளே யார் வேண்டுமானாலும் போகலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. பாதிப் பேரின் கட்டிலும் மேசையும் அப்படி வீடு விட்டு வீடு வந்தவைதான். ‘நாற்காலி போட்டாச்சா?’ என்று ஒருவர் கேட்டால், ‘கிளம்பியாச்சா?’ என்று பொருள். புதிதாக வருகிறவர்களுக்கு இதை அக்காதான் சொல்லித் தருவார்.

அக்காவின் வீடு இரண்டாம் மாடி. அம்மாவோடு இருந்தார். அம்மா போன பிறகு தனியாக. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “ஆகணும்னு ஒரு தடவை இருந்துச்சு. அப்புறம் அதுவே மறந்துபோச்சு” என்று சொல்லிவிட்டுக் குழாய் ஒழுகுவதைக் காட்டினார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டுக்கு விருந்தாளி என்று வந்தவன் நான் ஒருவன்தான். அதுவும் ஸ்பேனரோடு.

இந்த வருடம் அக்காவுக்கு ஓய்வு வயது. அலுவலகத்தில் இரண்டு வழி சொன்னார்கள். ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்யலாம், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் அதே வேலை, அதே வீடு. திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். தூரத்து ஊரில் இருக்கும் தங்கை, தன் வீட்டில் அறை ஒதுக்கி வைத்திருப்பதாகப் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

“இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? ரெண்டு வருஷம் இருக்கேன்னு சொல்லிட்டு வேற வேலையப் பாருங்க” என்றேன்.

“என் தங்கச்சி ஒண்ணு கேட்டா தம்பி. ‘அங்க உனக்கு யாருக்கா இருக்கா?’ன்னு. இத்தனை வீடு இருக்கு, எல்லாரையும் எனக்குத் தெரியும்னு சொன்னேன். ‘நீ அவங்களைத் தெரிஞ்சு வச்சிருக்கே, அவங்களுக்கு உன்னைத் தெரியுமா?’ன்னுட்டா. அதுலேருந்து தூக்கமே வரல.”

“உங்க தங்கச்சி கிடக்கறாங்க” என்று நான் சமாளித்தேன்.

அந்தச் சனிக்கிழமைதான் வந்தது வினை. மேல்வீட்டுக் குளியலறை ஒழுகி அக்கா வீட்டுச் சுவர் ஊறிப்போயிருந்தது. நான் குழாயைச் சரிசெய்த பிறகு, வெளியிலிருந்து பெயின்டர் ஒருவரை வரச்சொல்லியிருந்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு அக்கா மடல் வேலையாக அலுவலகத்துக்குப் போய்விட்டார். பெயின்டர் சுவரை முடித்தார். வாடை போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார். கதவு காற்றில் படார் படார் என்று அடித்தது. முட்டுக்கொடுக்க எதையாவது தேடி இறங்கியவர் கண்ணில், இருக்கிற சாமானையெல்லாம் விட்டுவிட்டு, சலவை அறை நாற்காலிதான் படவேண்டுமா? அதைத் தூக்கிக் கொண்டுவந்து கதவுக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு அது நாற்காலி, அவ்வளவுதான்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க நான் மத்தியானம் போனேன். படிக்கட்டில் இரண்டு மாணவர்கள் அக்காவின் சாப்பாட்டு மேசையைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

“டேய், டேய்! யாரைக் கேட்டுடா தூக்கறீங்க?” என்று கத்தினேன்.

“நாற்காலி போட்டிருக்குண்ணே” என்றான் முன்னால் இருந்தவன்.

ஓடினேன். வீட்டுக்குள் திருவிழாக் கூட்டம். ஒருத்தர் அலமாரியைத் தட்டிப் பார்க்கிறார், ஒருத்தர் மெத்தையைச் சுருட்டுகிறார். நடுவில் அக்கா நின்று எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எல்லாரும் வெளிய போங்க! அக்கா எங்கயும்...” என்று ஆரம்பித்தேன். அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தார்.

“வாயை மூடு தம்பி. நான் வந்தப்பவே பாதிப் பேரு உள்ள இருந்தாங்க. ‘தப்பா வந்துட்டீங்க’ன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள ஒரு பொண்ணு, ‘அக்கா, வீடு எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க’ன்னுச்சு. அம்மா போனப்புறம் இந்த வீட்டைப் பாத்து யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல.”

“அதுக்காக வீட்டையே குடுத்துடுவீங்களா? கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?”

“கேளு. ஒருத்தர், ஒரே ஒருத்தர், ‘எங்கக்கா போறீங்க?’ன்னு கேக்கட்டும். உடனே சொல்லிடறேன், நான் எங்கயும் போகலன்னு. சாமானையெல்லாம் திருப்பி வாங்கிக்கறேன். திங்கக்கிழமை ரெண்டு வருஷத்துக்கு எழுதியும் குடுத்துடறேன்.”

“அவ்வளவுதானே? இதோ” என்று நான் ஒரு மாணவனை நோக்கித் திரும்பினேன். அக்கா முறைத்தார். “நீ சொல்லிக்குடுத்துக் கேட்டா அது கணக்குல சேராது.”

அப்புறம் என்ன செய்வது? சுவரோரமாக நின்று நானும் காத்திருந்தேன். வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சிரித்தார்கள், ‘நல்லா இருங்கக்கா’ என்றார்கள், இரும்பு அலமாரியை மூன்று பேர் தூக்க, நாலாவது ஆள் கதவு இடிக்காமல் பார்த்துக்கொண்டார். ஒரு பேராசிரியர், “அடுத்த வாரத்துலேருந்து தண்ணி நிக்கறதெல்லாம் யாரு சொல்லுவாங்க?” என்று நிஜமான கவலையோடு கேட்டார். “யாராச்சும் சொல்லுவாங்க சார்” என்றார் அக்கா. அவர் நிம்மதியாகப் புத்தக அலமாரியை எடுத்துக்கொண்டு போனார்.

மேல்மாடியில் இருக்கும் ஒரு பெண், நிறைமாதம், நெடுநேரம் ஜன்னலருகே தயங்கித் தயங்கி நின்றார். அக்காவின் டீக் கெட்டிலை ஏற்கெனவே நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். “அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?” என்றார்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். கேளு தாயே, கேளு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“இந்த ஜன்னல் துணியையும் கழட்டிக்கவா?”

“எடுத்துக்கம்மா” என்றார் அக்கா. அவரே ஸ்டூலில் ஏறிக் கழற்றி, மடித்துக் கொடுத்தார். பிறகு அந்த ஸ்டூலும் போயிற்று.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகு பெயின்டர் பல்குத்திக்கொண்டே வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தவருக்குக் கண் பிதுங்கிவிட்டது. “என்னம்மா இது, வீட்டையே காணோம்? காலையில ஒரு வார்த்தை சொல்லலியே! எங்க போறீங்க?”

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். “நல்லாக் கேட்டப்பா. ஆனா நீ வெளியாளாப் போயிட்டியே” என்றார். அந்த மனிதர் தான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அவரைக் கூட்டிக்கொண்டு நான் கீழே வந்துவிட்டேன்.

வீடு வீடாகப் போய்ச் சாமானை வாங்கி வருகிறேன் என்று மல்லுக்கட்டிப் பார்த்தேன். “இதென்ன, கடன் வசூலா?” என்று அக்கா அடக்கிவிட்டார். அன்றிரவு படுக்க என் வீட்டிலிருந்து பாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை மடல் வழக்கம்போல வந்தது. லிஃப்டில் நின்று படித்தேன். தண்ணீர், சைக்கிள், பூனை. கடைசியில், போகிறவர்கள் பகுதியில்: ‘இரண்டாம் மாடி. ஒருவர். பொருட்கள் ஏற்கெனவே எடுத்துச் செல்லப்பட்டுவிட்டன.’ அவ்வளவுதான். ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரு வரி எழுதியவர் தனக்கு எழுதவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

“அடப் போ தம்பி. அந்த ஒரு வரியும் பேறுகாலம் மாதிரிதான், நமக்கு நாமே பாத்துக்க முடியாது” என்றார். மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். தங்கைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம்.

கிளம்பிய அன்று காலையில் நான் பெட்டியை இறக்கப் போனேன். கதவு விரியத் திறந்திருந்தது, சலவை அறை நாற்காலி முட்டுக்கொடுத்து நின்றது. இந்த முறை அக்காவே போட்டது. உள்ளே ஒன்றுமில்லை. புதுப் பெயின்ட் அடித்த சுவர், ஒரு பெட்டி, ஒரு பை. யாரோ மாடிப்படியில் வந்தார், எட்டிப் பார்த்தார், வெறும் வீடு என்று தெரிந்ததும் போய்விட்டார். இன்னொருவரும் அப்படியே.

“இது எதுக்குக்கா இப்ப?”

“வழக்கத்தை விடக் கூடாது இல்ல? யாராச்சும் சும்மா வருவாங்களோன்னு பாத்தேன்.” பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “எடுக்க ஒண்ணும் இல்லன்னா யாரு தம்பி வருவா?”

கோபம்போல ஏதோ சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். வண்டி திரும்பும்வரை அக்கா ஜன்னல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார். மேல்மாடியில் ஒரு ஜன்னலில் அவருடைய பூப்போட்ட துணி ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியை நான்தான் சலவை அறையில் திரும்பப் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மடல் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஆள் போடுவார்களாம், பார்ப்பார்களாம். பிரதான வால்வு மக்கர் பண்ணியது. சொல்ல வழியில்லாமல் தண்ணீரை நிறுத்தினேன். போனில் திட்டு வாங்கிக் காது கிழிந்துவிட்டது. சாயங்காலம் தண்ணீரைத் திறந்த பிறகு, குழாயில் காற்று அடைத்துக்கொண்ட வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். அந்த நிறைமாதப் பெண்ணின் வீடும் அதில் ஒன்று. இப்போது கைக்குழந்தையோடு நின்றார். அடுப்பு மேடையில் அக்காவின் கெட்டில்.

“செய்தியே வரமாட்டேங்குதுண்ணா. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டுத் தண்ணியில்லாமத் தவிச்சுப் போயிட்டேன். அந்தக்கா இருந்தவரைக்கும் இப்படி நடந்ததில்ல” என்றார். பிறகு கெட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “ஆமா, அவங்க எங்க போனாங்க?”

என் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிப் பாத்திரத் தொட்டிக்குள் விழுந்தது. வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பேசாமல் போனை எடுத்து, அக்கா கொடுத்துவிட்டுப் போன தங்கை வீட்டு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

“அதை அவங்ககிட்டயே கேளுங்க” என்றேன்.

அந்தப் பெண் மிரண்டு போனார். மணி அடித்தது. ‘ஹலோ’ என்று அக்காவின் குரல்.

“அக்கா... நான் மேல்மாடி... உங்க ஜன்னல் துணி எடுத்தேனே...” தடுமாறி நிறுத்தினார். “எங்கக்கா போயிட்டீங்க?”

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைத் திருப்பிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“உங்க வீட்ல தண்ணி வந்துடுச்சாம்மா?” என்று கேட்டார்.